முதல் முறையாக ஆய்ஸ்டர் சிப்பி உண்ணப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் பினாங்கில், ஜார்ஜ் டவுனில் ஒரு தங்கும் விடுதியின் சமையலறையில், கடலுணவுப் பிரிவில் பதினோரு ஆண்டுகள் பணியாற்றினேன். அப்போதும் அதற்குப் பிறகும் உறவினர்களும் அண்டை வீட்டாரும் சிப்பியைப் பற்றி என்னிடம் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலானவர்கள் முதலில் விசாரிப்பது சுவையைப் பற்றி; நான் முதலில் விசாரிப்பது அவர்களுடைய உடல்நிலையைப் பற்றி. பச்சையாக உண்பதா, வேகவைத்து உண்பதா என்பதை நாக்கு முடிவு செய்வதற்கு முன்னால் ஈரலும் இரத்தத்தில் உள்ள சர்க்கரையும் முடிவு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆகவே அந்தப் பகுதி மற்றவற்றைவிட நீண்டிருக்கும். அதைத் தாண்டிச் செல்லாமல் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

சிப்பி என்று நாம் பலவற்றைச் சொல்கிறோமே, ஆய்ஸ்டர் என்பது அவற்றில் எது?

தமிழில் சிப்பி என்ற ஒரே சொல் ஓடு மூடிய பல உயிரினங்களுக்கும் வழங்குவதால் சந்தையில் குழப்பம் வருகிறது. இங்கே மலாய்ப் பெயர்களைத் தெரிந்துவைத்துக்கொள்வதே எளிய வழி. சார் குவே தியாவ் என்னும் நூடுல்ஸ் வறுவலில் சிவந்த சாற்றோடு கிடக்கும் சிறியது கெராங். நீண்டு, பச்சையும் கறுப்புமாக இருக்கும் ஓட்டுக்குள் செம்மஞ்சள் நிறச் சதை இருந்தால் அது கூப்பாங். வழவழப்பான மெல்லிய ஓட்டோடு இஞ்சி போட்டு வதக்கித் தருவது லாலா. நாம் இங்கே பேசுவது திராம். அதன் ஓடு கரடுமுரடாக, அடுக்கடுக்காக, ஒன்றைப்போல் மற்றொன்று இல்லாமல், கல்லைப் பெயர்த்து எடுத்ததுபோல் இருக்கும். ஒரு பக்கம் குழிந்த கிண்ணம், மறுபக்கம் தட்டையான மூடி. பாறையிலோ கழியிலோ ஒருமுறை ஒட்டிக்கொண்டால் வாழ்நாள் முழுவதும் அங்கேயே இருந்து, கடல்நீரை உள்ளிழுத்து வடிகட்டி உண்ணும். வளர்ந்த சிப்பி ஒன்று, சூழல் நன்றாக அமைந்தால், ஒரு நாளில் 190 லிட்டர் நீர் வரை வடிகட்டக்கூடியது. இந்தப் பக்கத்தில் வரும் நன்மைகளும் ஆபத்துகளும் ஏறக்குறைய எல்லாமே இந்த ஒரு செயலிலிருந்து பிறப்பவை. நீர் எப்படியோ, சிப்பியும் அப்படி.

இதற்குள் முத்து இருக்குமா?

இருக்காது என்றே எண்ணிக்கொள்ளுங்கள். கொற்கைத் துறையில் நம் முன்னோர் மூழ்கி எடுத்த முத்துச் சிப்பி வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. உயிரியல்படி, உண்ணும் ஆய்ஸ்டருக்கு அது நெருங்கிய உறவுகூட இல்லை. உணவுச் சிப்பியிலும் மிக அரிதாகச் சிறு மணி உருவாவதுண்டு. ஆனால் அதில் ஒளிரும் முத்துப் பூச்சு இராது, விலையும் இராது. மெல்லும்போது கல்போல் ஏதாவது பட்டால், அது பெரும்பாலும் திறக்கும்போது உடைந்த ஓட்டின் துணுக்கு. துப்பிவிடுங்கள்.

முதல் முறை எங்கே, எந்த வடிவில் தொடங்கலாம்?

நீங்கள் பினாங்கில் இருந்தால் விடை உங்கள் தெருமுனையிலேயே இருக்கிறது. ஓ சியென் என்று ஹொக்கியன் மொழியில் சொல்லப்படும் சிப்பி முட்டைப் பொரியலில் தொடங்குங்கள். குர்னி டிரைவ் அங்காடிக் கடைகளிலும், லோரோங் பாரு என்னும் நியூ லேன் தெருவில் மாலையில் போடப்படும் கடைகளிலும், இன்னும் பல காப்பிக் கடைகளிலும் அது கிடைக்கும். கனத்த இரும்புத் தட்டில் மாவுக் கரைசலை ஊற்றி, முட்டையை உடைத்துப் பரப்பி, சீனப் பூண்டுத் தழையைத் தூவி, சிறிய சிப்பிகளைப் போட்டுப் புரட்டி, மிளகாய்ச் சாற்றோடு தருவார்கள். மாவு சில இடங்களில் மொறுமொறுப்பாகவும் சில இடங்களில் பிசுபிசுப்பாகவும் இருக்கும். சிப்பியின் உப்புச் சுவை முட்டையோடு கலந்துவிடுவதால் முதல் முறை உண்பவருக்குத் திகைப்பு ஏற்படுவதில்லை.

ஒரு வேண்டுகோள். சில கடைக்காரர்கள் சிப்பி சுருங்கிவிடக் கூடாது என்பதற்காக அதைக் கடைசி நொடியில் போட்டு, சூடு ஏறுவதற்குள் எடுத்துவிடுவார்கள். பழகியவர்கள் அதை விரும்பிக் கேட்பதும் உண்டு. முதல் முறை உண்பவர், ‘மாசாக் லாமா சிகிட்’ (இன்னும் கொஞ்ச நேரம் வேகவையுங்கள்) என்று மலாயில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கடைக்காரர் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். சிப்பியின் ஓரங்கள் சுருண்டு, சதை இறுகி, நடுவில் வழவழப்பான பச்சைத் தன்மை இல்லாமல் இருந்தால் வெந்திருக்கிறது என்று அறியலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உணவகங்களில் மீ கோரெங்கிலும் கைலான் கீரையிலும் ஊற்றப்படும் சிப்பிச் சாஸின் வழியாக இந்தச் சுவை உங்களுக்கு ஏற்கெனவே ஓரளவு அறிமுகமாகியிருக்கும். சீனப் புத்தாண்டுக் காலத்தில் கடைகளில் தொங்கும் உலர்ந்த சிப்பிக்குக் கந்தோனிய மொழியில் ஹோ சி என்று பெயர். நல்ல வியாபாரம் என்ற சொல்லோடு அது ஒலியில் ஒத்திருப்பதால் மங்கலப் பொருளாகக் கருதப்படுகிறது. சீன நண்பர் வீட்டு விருந்தில் அதைக் கண்டால் சிறு துண்டு எடுத்துச் சுவையுங்கள். நம் ஊர்க் கருவாட்டை விரும்புகிறவர்களுக்கு அது எளிதில் பிடிக்கும்.

பன்றிக் கொழுப்பு, ஹலால், விரத நாள்கள் ஆகியவற்றைப் பற்றி என்ன கவனிக்க வேண்டும்?

சீனர் கடைகளில் ஓ சியென் பன்றிக் கொழுப்பில் பொரிக்கப்படுவது வழக்கம். எண்ணெயில் செய்பவர்களும் இருக்கிறார்கள்; ஆனால் அதே தட்டில் வேறொருவருக்குக் கொழுப்பில் செய்திருப்பார்கள். ஆகவே அதைத் தவிர்க்க விரும்புகிறவர்கள் ஹலால் சான்றிதழ் உள்ள உணவகத்தைத் தேடுவதே நல்லது. சிப்பியைப் பொறுத்தவரை, மலேசிய முஸ்லிம்களிடையே பெரும்பான்மையாகப் பின்பற்றப்படும் ஷாஃபி வழியில் அது அனுமதிக்கப்பட்ட உணவு. ஹனஃபி வழியைப் பின்பற்றும் குடும்பங்கள் சிப்பி வகைகளை உண்பதில்லை. பினாங்குத் தமிழ் முஸ்லிம்களிடையே இரு வழியினரும் இருப்பதால், விருந்துக்கு அழைப்பவர் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது மரியாதை. மேலை உணவகங்களில் பச்சைச் சிப்பியோடு வைக்கும் சாற்றில் திராட்சை மதுவோ அதிலிருந்து செய்த காடியோ சேர்ந்திருக்கலாம், அதையும் கேட்டறியுங்கள். இந்து வீடுகளில் புரட்டாசியும் வெள்ளிக்கிழமையும் சஷ்டியும் நமக்குத் தெரிந்தவையே. சிப்பி கடலிலிருந்து வந்தாலும் புலால்தான்.

பச்சையாக உண்ணலாமா? யார் உண்ணவே கூடாது?

நலமாக உள்ள பெரியவர் ஒருவர், நம்பகமான இடத்தில், குளிர்ச்சி குறையாமல் வந்த சிப்பியை உண்டால், பெரும்பாலும் எந்தத் தொல்லையும் இல்லாமல் மகிழ்ச்சியோடு எழுந்து செல்வார். உலகில் பல கோடிப் பேர் அப்படித்தான் உண்கிறார்கள். ஆனால் ‘பெரும்பாலும்’ என்ற சொல் எல்லாருக்கும் ஒரே அளவில் பொருந்துவதில்லை.

சிப்பி நீரை வடிகட்டும்போது அதிலுள்ள கிருமிகளையும் தன் உடலில் சேர்த்துக்கொள்கிறது. நான்கு பெயர்களை நினைவில் வையுங்கள். நோரோவைரஸும் ஹெப்பாடிட்டிஸ் ஏ வைரஸும் மனிதக் கழிவு கலந்த நீரிலிருந்து வருபவை. விப்ரியோ பாராஹெமோலிட்டிகஸும் விப்ரியோ வல்னிஃபிகஸும் கடலில் இயல்பாகவே வாழும் பாக்டீரியாக்கள்; கழிவே கலக்காத தூய நீரிலும் அவை இருக்கும், நீர் வெதுவெதுப்பாக இருந்தால் பெருகும். முதல் மூன்றும் பெரும்பாலோருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல், சில வேளை மஞ்சள் காமாலை என்ற அளவில் முடிபவை. நான்காவதான வல்னிஃபிகஸ் அரிதானது, ஆனால் கொடியது. பலவீனமான உடலில் அது இரத்தத்தில் பரவிவிடுகிறது. இந்தத் தொற்றுக்கு ஆளானவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இறந்துவிடுகிறார், சிலர் ஓரிரு நாளிலேயே.

அந்தப் பலவீனமான உடல் யாருடையது? ஈரல் நோய் உள்ளவர்கள் முதலிடத்தில் இருக்கிறார்கள். மதுவால் வந்த ஈரல் சுருக்கமானாலும், ஹெப்பாடிட்டிஸ் பி அல்லது சி ஆனாலும் ஒன்றுதான். அடுத்து இனிப்புநீர் என்னும் சர்க்கரை நோய் உள்ளவர்கள். தலசீமியாவுக்காக அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொள்வதால் உடலில் இரும்புச்சத்து மிகுந்துவிட்டவர்கள், சிறுநீரக நோயாளிகள், புற்றுநோய் மருந்து எடுப்பவர்கள், நீண்ட காலமாக ஸ்டீராய்டு எடுப்பவர்கள் ஆகியோரும் இதில் அடக்கம். கேஸ்ட்ரிக் தொல்லைக்காக வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைத் தினமும் விழுங்குகிறவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அந்த அமிலம்தான் கிருமிக்கு எதிரான முதல் காவல். கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியவர்கள் ஆகியோருக்கும் பச்சைச் சிப்பி வேண்டாம்.

இப்போது நம் வீடுகளை எண்ணிப் பாருங்கள். 2019-ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களிடையே அது மற்ற இனத்தவரைவிட அதிகம். அவர்களில் பலருக்குத் தங்களுக்கு அந்த நோய் இருப்பதே தெரியாது. அயல்நாட்டு நூல்கள் ‘நோயற்றவர் தாராளமாக உண்ணலாம்’ என்று எழுதும்போது அந்த அறிவுரை நம் குடும்ப மேசையைச் சுற்றி அமர்ந்திருப்பவர்களில் எத்தனை பேருக்குப் பொருந்தும் என்பதே என் கேள்வி. நாற்பது வயதைக் கடந்து, இதுவரை இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளாதவர், கிளினிக்கில் விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் கொடுத்துப் பார்த்துவிட்டு அதன் பிறகு பச்சைச் சிப்பியைப் பற்றி யோசிக்கட்டும். வேகவைத்த சிப்பிக்கு இந்தக் காத்திருப்பு தேவையில்லை.

விடுதியில் பணியாற்றியபோது, திருமண நாள் கொண்டாட வந்த ஒரு தமிழ்க் குடும்பத்தில், மருமகன் ஆசையோடு நீட்டிய பச்சைச் சிப்பியை மாமனார் மறுக்க முடியாமல் கையில் வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். ‘ஐயாவுக்குச் சர்க்கரை உண்டா?’ என்று மெதுவாகக் கேட்டேன். இருபது ஆண்டுகளாக உண்டு என்றார். அந்தத் தட்டை அப்படியே எடுத்துச் சென்று, பூண்டும் வெண்ணெயும் வைத்து அனலில் நன்றாக வாட்டிக் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் ஆறு சிப்பிகளையும் உண்டார். மறுப்பது விருந்தளிப்பவரை அவமதிப்பதாகாது என்பதை நம்மவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

லிமாவ் என்னும் எலுமிச்சைச் சாறும் மிளகாயும் ஊற்றினால் கிருமி சாகாதா? உடன் மது அருந்தினால்?

சாகாது. லிமாவ் காஸ்தூரியோ காடியோ மிளகாய்ச் சாறோ சிப்பிக்குள் இருக்கும் கிருமியைக் கொல்லும் அளவுக்கு வலிமையும் நேரமும் பெறுவதில்லை. மதுவும் அப்படியே; அதோடு, நாள்பட்ட குடி ஈரலைக் கெடுத்து, மேலே சொன்ன ஆபத்தை மிகுதிப்படுத்துகிறது. உறையவைத்தாலும் கிருமிகள் முழுவதும் அழிவதில்லை. கொல்வது சூடு ஒன்றே.

நம் கடலிலேயே சிப்பி வளர்கிறதே, அதைப் பச்சையாக உண்ணலாமா?

மலேசியாவில் சிப்பி வளர்ப்பு நடைபெறுகிறது. திரங்கானுவின் செத்தியூ ஈரநிலப் பகுதி அதற்குப் பெயர்பெற்றது. பினாங்கிலும், மூக்கா ஹெட் முனையில் அமைந்துள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கடல், கரையோர ஆய்வு மையம் சிப்பிக் குஞ்சு பொரிப்பிலும் வளர்ப்பிலும் நெடுங்காலமாக ஈடுபட்டு வருகிறது. உள்ளூர் மீனவர்களுக்கு வருவாய் தரும் தொழில் இது என்பதால் நான் மனமார ஆதரிக்கிறேன். இங்கு வளரும் வெப்பமண்டலச் சிப்பி சதைப்பற்று மிக்கது, சமையலுக்கு மிகவும் ஏற்றது.

ஆனால் நம் கடல்நீர் ஆண்டு முழுவதும் 28 முதல் 31 டிகிரி வரை வெதுவெதுப்பாகவே இருக்கிறது. விப்ரியோ விரும்புவதும் அதுதான். அறுவடை செய்த சிப்பிகளைப் புறஊதா ஒளியால் தூய்மையாக்கிய நீரில் ஓரிரு நாள் வைத்துத் தன்னைத்தானே கழுவிக்கொள்ளச் செய்யும் முறை உண்டு. அது கழிவிலிருந்து வரும் பாக்டீரியாக்களை நன்றாகக் குறைக்கும். விப்ரியோவையும் நோரோவைரஸையும் முழுமையாக நீக்கும் என்று நம்பிவிட முடியாது. ஆகவே உள்ளூர்ச் சிப்பியை வேகவைத்தே உண்ணுங்கள். பத்து பெரிங்கியிலோ தெலுக் பஹாங்கிலோ பாறையில் ஒட்டியிருப்பதைப் பெயர்த்து அங்கேயே உண்ணும் இளைஞர்களைப் பார்த்திருக்கிறேன்; தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ஜார்ஜ் டவுன், கோலாலம்பூர் உணவகங்களில் பனிக்கட்டியின் மேல் வருபவை பெரும்பாலும் இறக்குமதியானவை. ஜப்பான், பிரான்ஸ், அயர்லாந்து, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய குளிர்ந்த கடல்களில் வளர்ந்தவை. நாடுகள் பல ஆனாலும் அவற்றுள் மிகுதியானவை பசிபிக் சிப்பி என்ற ஒரே இனம்தான். வளர்ந்த நீரைப் பொறுத்துச் சுவை மாறுகிறது. ஆஸ்திரேலியாவின் சிட்னிப் பாறைச் சிப்பி வேறு இனம், உருவில் சிறியது, சுவை அழுத்தமானது.

ஆங்கில மாதப் பெயரில் ஆர் எழுத்து இல்லாத மாதங்களில் சிப்பி உண்ணக்கூடாது என்கிறார்களே?

மே முதல் ஆகஸ்டு வரையிலான நான்கு மாதங்களை அது குறிக்கிறது. பூமியின் வடபாதியில் அவை கோடைக்காலம். நீர் சூடேறும், சிப்பியும் முட்டையிட்டு மெலிந்து நீர்த்துப்போகும். அங்கே அந்த வழக்கத்துக்குப் பொருள் உண்டு. ஆஸ்திரேலியாவில் பருவம் தலைகீழ். நம் கடலில் கோடையும் குளிரும் என்ற பிரிவே இல்லாததால் இந்தக் கணக்கு இங்கே உதவாது.

உணவகத்தில் பச்சைச் சிப்பி கேட்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

எந்த நாட்டிலிருந்து வந்தது, என்று அறுவடை செய்யப்பட்டது என்று கேளுங்கள். ஒழுங்காக இறக்குமதி செய்யப்படும் பெட்டியோடு அந்த விவரங்கள் எழுதிய சீட்டு வரும். நல்ல உணவகம் அதைக் காட்டத் தயங்காது. நீங்கள் கேட்ட பிறகு ஓடு திறக்கப்படுகிறதா என்று கவனியுங்கள். ஏற்கெனவே திறந்து வரிசையாக அடுக்கி வைத்திருக்கும் விருந்து மேசைகளை நான் நம்புவதில்லை. பனிக்கட்டி உருகிய நீரில் சிப்பி மிதந்துகொண்டிருந்த ஒரு மேசையில், பக்கத்துத் துறையில் பணியாற்றிய தோழி ஒருத்தி உண்டுவிட்டு, மூன்று நாள் படுக்கையில் கிடந்தாள்.

தட்டில் வந்ததும் பாருங்கள். சதை பூரித்து ஈரமாகப் பளபளக்க வேண்டும். ஓட்டுக்குள் தெளிவான நீர் நிற்க வேண்டும். மணம் அதிகாலைக் கடற்கரைபோல் இருக்க வேண்டும். வாடிச் சுருங்கியிருந்தாலும், நீர் வற்றியிருந்தாலும், மூக்கைச் சுளிக்க வைத்தாலும் திருப்பி அனுப்புங்கள். ஒரு செய்தியை மறக்க வேண்டாம்: கிருமி இருக்கும் சிப்பி பார்வையிலும் மணத்திலும் நல்ல சிப்பியைப் போலவே இருக்கும். இந்தச் சோதனைகள் கெட்டுப்போனதைத்தான் காட்டிக்கொடுக்கும்.

வாயில் போட்டு அப்படியே விழுங்க வேண்டுமா? சுவை எப்படி இருக்கும்?

விழுங்க வேண்டாம். மெல்லுங்கள். என் முதல் சிப்பியை, சுற்றி நின்றவர்கள் சொன்னபடி, லிமாவும் சம்பாலும் நிறைய இட்டு மெல்லாமல் விழுங்கினேன். எனக்குக் கிடைத்தது லிமாவின் சுவையும் சம்பாலின் சுவையும்தான். ஓராண்டு கழித்து எங்கள் தலைமைச் சமையல்காரர் எதுவும் சேர்க்காமல் ஒன்றைக் கொடுத்து, மூன்று முறை மெல்லச் சொன்னார். அன்றுதான் நான் சிப்பியை உண்டேன் என்று சொல்ல வேண்டும்.

சிறிய சிப்பியாகத் தேர்ந்தெடுங்கள். சிறு முள்கரண்டியால் சதையை மெல்ல அசைத்து, அது ஓட்டிலிருந்து முழுவதும் விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டின் அகன்ற பக்கத்தை உதட்டில் வைத்து, நீரோடு சேர்த்துச் சாய்த்துக்கொள்ளுங்கள். முதலில் வருவது கடலின் உப்பு. இரண்டாம் முறை மெல்லும்போது வயிற்றுப் பகுதி கரைந்து, பாலாடைபோன்ற தன்மையும் மெல்லிய இனிப்பும் தோன்றும். அந்த இனிப்பு சிப்பி சேமித்து வைத்திருக்கும் கிளைக்கோஜனிலிருந்து வருவதாகச் சொல்வார்கள். பிறகு ஓட்டை மூடித் திறக்கும் தசை பல்லுக்குச் சற்றே இறுக்கமாகப் படும். விழுங்கிய பின் செம்புச் சொம்பில் நீர் அருந்தியது போன்ற ஒரு பின்சுவை சிறிது நேரம் நிற்கும். சில சிப்பிகளில் அது வெள்ளரிக்காய் மணமாகவும் இருக்கும்.

வழவழப்பை நினைத்து அஞ்சுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: இளநீர் வழுக்கையை விரும்பி உண்கிறோம், நுங்கை விரும்பி உண்கிறோம். வாய்க்கு அந்த மென்மை புதிதல்ல. உப்போடு சேர்ந்து வருவதுதான் புதிது. முதலாவதை எதுவும் சேர்க்காமலும், இரண்டாவதை இரண்டு துளி லிமாவோடும் உண்டு பாருங்கள். முதல் நாளுக்கு இரண்டு போதும்.

உண்ணும்போது அது உயிரோடு இருக்கிறதா?

ஆம், அல்லது சற்று முன்பு திறக்கப்படும்வரை உயிரோடு இருந்தது. இறந்த சிப்பியில் கிருமிகள் விரைவாகப் பெருகுவதால், பச்சையாகப் பரிமாறுவது உயிருள்ளதாகவே இருக்க வேண்டும். சிப்பிக்கு நரம்பு முடிச்சுகள் உண்டு, மூளை என்று சொல்லத்தக்க உறுப்பு இல்லை. இதை அறிந்த பிறகு ஒருவருக்கு மனம் ஒப்பவில்லை என்றால் அந்த உணர்வை மதிக்க வேண்டும், வற்புறுத்தக் கூடாது.

வீட்டில் எப்படிச் சமைப்பது?

ஓட்டோடு வாங்கினால் இறுக மூடியிருப்பவற்றை மட்டும் எடுங்கள். சற்றே திறந்திருப்பதைத் தட்டினால் மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால் அது இறந்துவிட்டது. குளிர்பெட்டியில் 4 டிகிரி அளவில், குழிந்த பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, ஈரத்துணியால் மூடுங்கள். நன்னீரில் ஊறவைக்கவோ காற்றுப் புகாத பையில் கட்டிவைக்கவோ வேண்டாம், இரண்டிலும் இறந்துவிடும்.

கத்தியால் திறக்க முயன்று கையைக் கிழித்துக்கொள்வதைவிட நம் வீட்டு இட்லிச் சட்டி மேலானது. ஓடுகளைத் தேய்த்துக் கழுவுங்கள். சட்டியில் நீர் கொதித்து ஆவி நன்றாக வந்த பிறகு, தட்டின் மேல் சிப்பிகளை ஒரே அடுக்காக, குழிந்த பக்கம் கீழே இருக்கும்படி வைத்து மூடுங்கள். 4 முதல் 9 நிமிடம் என்பது பொதுவான கணக்கு. வைரஸ்கள் சூட்டைச் சற்று அதிகம் தாங்குபவை என்பதால் நான் எப்போதும் 9 நிமிடத்தையே பின்பற்றுகிறேன். திறக்காதவற்றைக் குப்பையில் போடுங்கள். திறந்தவற்றின் மேல், நல்லெண்ணெயில் பொரித்த பூண்டையும் பச்சை மிளகாயையும் சிறிது ஊற்றினால் போதும்.

ஓடு நீக்கி உறையவைத்த சதை கிடைத்தால் வறுவல் செய்யலாம். அதில் நீர் மிகுதியாக விடும் என்பதே சிக்கல். கால் கிலோ சதையைக் குளிர்பெட்டிக்குள் வைத்தே உறைநீங்கச் செய்து, உப்பு நீரில் அலசி, துணியில் ஒற்றியெடுத்து, மஞ்சள் மட்டும் தடவி வையுங்கள். உப்பு வேண்டாம், சிப்பியே கொண்டுவரும். அகன்ற சட்டியில் எண்ணெயைப் புகையும் அளவுக்குச் சூடாக்கி, கடுகு, கறிவேப்பிலை, இடித்த பூண்டு, சின்ன வெங்காயம் வதங்கியதும் சிப்பியைப் போட்டு, மூடாமல், பெருந்தீயில் வைத்திருங்கள். விட்ட நீர் சுண்டி, ஓரங்கள் சுருண்ட பிறகும் 3 நிமிடம் புரட்டி, புதிதாக இடித்த மிளகைத் தூவி இறக்குங்கள். தக்காளி சேர்த்தால் நீர் மீண்டும் கூடிச் சதை ரப்பர்போல் ஆகிவிடும். இனிப்புநீர் உள்ளவர்களும் இதை அச்சமின்றி உண்ணலாம். ஆனால் அவர்கள் கையில் புண்ணோ கீறலோ இருக்கும்போது பச்சைச் சிப்பியை அலசவோ ஓட்டைக் கையாளவோ வேண்டாம். வல்னிஃபிகஸ் காயத்தின் வழியாகவும் உடலுக்குள் செல்லும்.

வேகவைத்துவிட்டால் எல்லா ஆபத்தும் நீங்கிவிடுமா?

கிருமிகளைப் பொறுத்தவரை ஆம் எனலாம். வேறொரு நச்சு உண்டு. அது சூட்டுக்கு அழியாது. சில காலங்களில் கடலில் நச்சுப் பாசிகள் பெருகும்போது, அவற்றை வடிகட்டி உண்ணும் சிப்பிகளில் சாக்சிடாக்சின் என்ற நச்சு சேர்கிறது. உண்டவருக்குச் சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ உதடும் நாக்கும் மரத்து, கைகால் வலுவிழந்து, கடுமையானால் மூச்சு நின்றுவிடும். சபாவில் 1976 முதல் இத்தகைய நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. தீபகற்பத்தில் 2013-இல் குவாந்தானிலும், 2024-இல் போர்ட்டிக்சனிலும் நேர்ந்தன. மீன்வளத் துறை எச்சரிக்கை விடுக்கும் நாள்களில் அந்தக் கடற்பகுதியின் சிப்பி, கூப்பாங், லாலா எதையும் வாங்காதீர்கள், விலை எவ்வளவு குறைந்தாலும்.

எனக்கு இறால் ஒத்துக்கொள்ளாது. சிப்பி உண்ணலாமா?

இறாலும் நண்டும் ஒரு வகை, சிப்பி வேறு வகை. இறால் ஒவ்வாத சிலருக்குச் சிப்பி ஒத்துக்கொள்கிறது. சிலருக்கு இரண்டுமே ஒத்துக்கொள்வதில்லை. முகம் வீங்குதல், மூச்சுத் திணறல் போன்றவை உங்களுக்கு முன்பு நேர்ந்திருந்தால், மருத்துவரின் சோதனைக்குப் பிறகன்றி உண்ண வேண்டாம்.

சத்து நிறைந்தது, ஆண்மையைப் பெருக்கும் என்கிறார்களே?

துத்தநாகம் சிப்பியில் இருக்கும் அளவுக்கு வேறு எந்த அன்றாட உணவிலும் இல்லை. பெரியவர்களுக்கு நாளொன்றுக்குத் தேவையான 8 முதல் 11 மில்லிகிராம் சில சிப்பிகளிலேயே கிடைத்துவிடும். பி12-உம் இரும்பும் நிறைய உண்டு. துத்தநாகக் குறைபாடு உள்ள ஆணுக்கு அது பயன் தரலாம். குறைபாடு இல்லாதவருக்கு ஒரு தட்டுச் சிப்பியால் எதுவும் மாறிவிடாது. யூரிக் அமிலத்தால் மூட்டுவலி வருகிறவர்கள் அளவோடு உண்ண வேண்டும்.

உண்ட பிறகு உடல் சரியில்லை என்றால்?

நோரோவைரஸ் 12 முதல் 48 மணி நேரத்துக்குள் வாந்தியாக வெளிப்படும். பாராஹெமோலிட்டிகஸ் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் வயிற்றைக் கலக்கும். நீரும் உப்பும் சேர்ந்த கரைசலைச் சிறிது சிறிதாக அருந்தி ஓய்வெடுங்கள். ஹெப்பாடிட்டிஸ் ஏ இரண்டு முதல் ஏழு வாரம் கழித்தே தெரியும் என்பதால், அப்போது மஞ்சள் காமாலை வந்தால் சிப்பி உண்டதை மருத்துவரிடம் நினைவூட்டுங்கள்.

குளிர் நடுக்கத்தோடு கடுங்காய்ச்சல், தலைசுற்றல், தோலில் நீர்க்கொப்புளம், வாய் மரத்துப்போதல், மூச்சுத் திணறல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 999-ஐ அழையுங்கள், அல்லது உடனே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். எதை, எப்போது, பச்சையாகவா வேகவைத்தா உண்டீர்கள் என்பதையும், இனிப்புநீரோ ஈரல் நோயோ இருப்பதையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

இது நமக்குப் பழக்கமில்லாத அந்நிய உணவு என்று என் மாமியார் சொல்கிறார். உண்மையா?

பச்சையாக உண்பது நம் வீடுகளுக்குப் புதிது. அதில் அவர் சொல்வது சரி. சிப்பி உணவு புதிதல்ல. செபராங் பிறையின் குவார் கெப்பாவில், பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கு வாழ்ந்தவர்கள் உண்டு எறிந்த சிப்பி ஓடுகள் மேடுகளாகக் குவிந்திருந்தன. 2017-இல் அங்கே கண்டெடுக்கப்பட்ட எலும்புக்கூட்டுக்குப் பினாங்குப் பெண் என்று பெயரிட்டிருக்கிறார்கள். மாமியாருக்கு மிளகு வறுவலைச் செய்து கொடுத்துப் பாருங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

மிஞ்சும் ஓட்டை என்ன செய்வது?

நம் ஊரில் கிளிஞ்சலைச் சுட்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு எடுத்ததுபோல், இந்த ஓடும் பெரும்பகுதி சுண்ணாம்புப் பொருள்தான். பத்து நிமிடம் கொதிக்கவைத்து, ஒட்டிய சதையைச் சுரண்டி, வெயிலில் இரண்டு மூன்று நாள் காயவைத்து, சாக்குத் துணியில் சுற்றிச் சுத்தியலால் உடையுங்கள். அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள்கூட மிளகாய்ச் செடித் தொட்டியின் மண்ணில் ஒரு கைப்பிடி கலக்கலாம். மெதுவாகக் கரையும் என்பதால் ஆண்டுக்கு ஒருமுறை போதும்.